ஒரு துளி எச்சிலில் ஒரு குடும்பத்தின் முகவரி

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையைப் புரட்டிப் போட்ட நாள். இடிபாடுகளுக்கு நடுவே உயிரோடு கிடந்த ஓர் ஆண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கல்முனை மருத்துவமனைக்கு ஓடினார்கள். அன்று அங்கே சேர்க்கப்பட்டவர்களில் 81ஆவது ஆள் அந்தக் குழந்தை. பெயர் தெரியாததால் '81ஆம் குழந்தை' என்றே எழுதி வைத்தார்கள். உலகப் பத்திரிகைகளிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பிள்ளையைப் பறிகொடுத்த பல பெற்றோர் அந்த வார்டுக்கு வந்தார்கள். 'இது என் பிள்ளைதான்' என்று ஒரு தமிழ்த் தம்பதி உறுதியாக நின்றார்கள். அலை புகுந்த ஊர்களில் வீடுகளோடு காகிதங்களும் போயிருந்தன. முகச்சாயலையும் தாயின் கண்ணீரையும் மட்டும் வைத்துக் குழந்தையை ஒப்படைக்க மருத்துவமனையால் முடியவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. மரபணுச் சோதனைக்கு நீதிபதி உத்தரவிட்டார். 2005 பிப்ரவரியில் முடிவு வந்தது. அந்தத் தம்பதிதான் பெற்றோர். ஏழு வாரம் கழித்துத் தாயின் மடிக்குப் பிள்ளை திரும்பியது.

பதிவேடு இல்லாத இடத்தில், சாட்சி இல்லாத இடத்தில், பேச வாய் இல்லாத ஒரு சிசுவுக்காக டி.என்.ஏ. பேசியது. இன்று அதே டி.என்.ஏ. கொலை வழக்குகளிலும் விமான விபத்துகளிலும் எல்லைச் சாவடிகளிலும் பேசுகிறது. அதன் பேச்சை நாம் எவ்வளவு நம்பலாம், அதைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற இரண்டு கேள்விகளுக்கும் சாதாரணக் குடிமக்கள் விடை தெரிந்து வைத்திருக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

பல்லவி எத்தனை முறை?

மனித உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சுருண்டு கிடக்கும் இழைதான் டி.என்.ஏ. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் ஆன நீளமான எழுத்துவரிசை அது. தாயிடமிருந்து ஒரு படி, தந்தையிடமிருந்து ஒரு படி. ஒரு படியில் மட்டும் சுமார் 300 கோடி எழுத்துகள். எந்த இரண்டு மனிதர்களை எடுத்துக்கொண்டாலும் இதில் 99.9 விழுக்காடு ஒன்றுதான். மிச்சமிருக்கும் துளியில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு.

அந்தத் துளியிலும் ஆய்வகங்கள் எல்லாவற்றையும் படிப்பதில்லை. சில இடங்களில் நான்கைந்து எழுத்துகள் கொண்ட ஒரு சிறு துணுக்கு, பாட்டில் பல்லவி வருவதுபோல, அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு ஓர் இடத்தில் அது ஆறு முறை வரலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்பது முறை வரலாம். இரண்டு படிகள் இருப்பதால் ஓர் இடத்துக்கு இரண்டு எண்கள். அமெரிக்கக் காவல் துறையின் தரவுத்தளம் 2017 முதல் இப்படி 20 இடங்களைப் பார்க்கிறது. ஆக, 40 எண்கள். ஓர் இடத்தில் இருவருக்கு ஒரே எண்கள் அமைவது சாதாரணம். 20 இடங்களிலும் அமைவது, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரைத் தவிர்த்தால், நடைமுறையில் நடக்காத ஒன்று.

மாதிரி எடுப்பதில் வலியே இல்லை. நீளமான பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறம் சிறிது நேரம் தேய்ப்பார்கள். குச்சியை உலர விட்டு, உறையிலிட்டு, முத்திரை வைத்து, எண் எழுதுவார்கள். ஆய்வகத்தில் ஒட்டியிருக்கும் செல்களிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, தேவையான பகுதிகளை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுப்பார்கள். இந்த நகலெடுக்கும் முறையைக் கண்டறிந்த கேரி மல்லிஸ் 1993இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். முடிவு கணினித் திரையில் மலைமுகடுகள் போன்ற கோடுகளாக வரும். ஒவ்வொரு முகடும் ஓர் எண்.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அந்த 40 எண்கள் ஏறக்குறைய ஓர் அடையாள எண் மாதிரிதான். அவற்றைப் பார்த்து ஒருவரின் நோயையோ நிறத்தையோ சொல்வது கடினம். ஆனால் எண்களை எடுத்த பிறகும் குளிர்பெட்டியில் இருக்கும் அந்தப் பஞ்சுக் குச்சியில் 300 கோடி எழுத்துகளும் இருக்கின்றன. எண்கள் வேறு, மாதிரி வேறு. சட்டச் சிக்கல்களில் பாதி இந்த வேறுபாட்டில்தான் பிறக்கிறது.

முதலில் விடுதலையானவன் ஒரு நிரபராதி

1984 செப்டம்பர் 10, திங்கட்கிழமை காலை. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் ஓர் எக்ஸ்ரே படச்சுருளைக் கழுவி எடுத்துப் பார்த்தார். சில பேருடைய டி.என்.ஏ. அதில் பட்டைபட்டையாகத் தெரிந்தது. ஒருவர் பட்டை இன்னொருவருக்கு இல்லை. ஆனால் தாய் தந்தையின் பட்டைகள் பிள்ளையிடம் தெரிந்தன. 'டி.என்.ஏ. ரேகை' பிறந்தது அந்தக் காலையில்தான். மறு ஆண்டே அது ஒரு குடியேற்ற வழக்கில் பயன்பட்டது. கானாவிலிருந்து திரும்பிவந்த ஒரு சிறுவன் அந்தத் தாயின் மகன்தானா என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். மகன்தான் என்று ஜெஃப்ரிஸ் நிறுவினார்.

இதே காலகட்டத்தில் லெஸ்டருக்குப் பக்கத்துக் கிராமங்களில் 1983இலும் 1986இலும் 15 வயதுச் சிறுமிகள் இருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். 17 வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். முதல் கொலையையும் அவன்தான் செய்தானா என்று தெரிந்துகொள்ளவே போலீஸ் ஜெஃப்ரிஸிடம் போனது. முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. இரண்டையும் செய்தது ஒரே ஆள். ஆனால் ஒப்புக்கொண்ட இளைஞன் அந்த ஆள் இல்லை. குற்ற வழக்கில் டி.என்.ஏ. முதன்முதலாகச் செய்த வேலை, குற்றம் செய்யாத ஒருவனைக் காப்பாற்றியது.

பிறகு அந்த வட்டாரத்து ஆண்கள் சுமார் 5,000 பேரிடம் ரத்தமும் எச்சிலும் எடுத்தார்கள். யாரும் பொருந்தவில்லை. கொலைகாரன் காலின் பிட்ச்ஃபோர்க் தன் பெயரில் உடன் வேலை பார்த்தவரை அனுப்பி மாதிரி கொடுக்க வைத்திருந்தான். மதுக்கடைப் பேச்சில் அந்த விஷயம் கசிய, கேட்டவர் காவல் துறையிடம் சொன்னார். 1988 ஜனவரியில் பிட்ச்ஃபோர்க்குக்கு ஆயுள் தண்டனை. டி.என்.ஏ.வை வைத்துக் கொலைக்குத் தண்டனை பெற்ற முதல் ஆள் அவன். அவனுடைய டி.என்.ஏ. ஏமாற்றவில்லை, வேறொருவருடைய கையை நீட்ட வைத்துத்தான் அவன் போலீஸை ஏமாற்றினான். இந்தச் செய்தியைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கட்டுவிரியனிலிருந்து நீதிமன்றம் வரை

இந்தியாவில் இந்தக் கதை ஒரு பாம்பில் தொடங்குகிறது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டக் கிராமத்தில் பிறந்த லால்ஜி சிங், பட்டைக் கட்டுவிரியனின் டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாம்பில் ஆண், பெண் எப்படித் தீர்மானமாகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அதே பகுதி மனிதரிலும் உண்டு, ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று தெரிந்தபோது, ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் இந்தியாவுக்கென்று ஒரு சோதனை முறை உருவானது.

1989இல் கேரளத்தின் தலச்சேரி நீதிமன்றத்தில் ஒரு குழந்தைக்குத் தந்தை யார் என்ற வழக்கில் அது முதன்முதலாக ஏற்கப்பட்டது. தமிழகத்துக்கும் விரைவிலேயே வந்து சேர்ந்தது. விராலிமலை அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா மீது அங்கே வளர்ந்த சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக வழக்கு. ஒரு பெண்ணின் கலைக்கப்பட்ட கருவிலிருந்து எடுத்த டி.என்.ஏ., தந்தை யார் என்பதைச் சொன்னது. எதிர்த்தரப்பு வெளிநாட்டு நிபுணரையே கூண்டில் ஏற்றி வாதாடியும் பலிக்கவில்லை. 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. செல்வாக்குள்ள ஒரு மனிதருக்கு எதிராக ஆதரவற்ற பெண் பிள்ளைகள் சொன்ன வார்த்தைக்கு அறிவியல் துணை நின்ற வழக்கு அது.

எண் எழுதிய கல்லறைகள்

குற்றவாளியைப் பிடிப்பதைவிட டி.என்.ஏ. அமைதியாகச் செய்யும் பெரிய சேவை, இறந்தவர்களுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுப்பது.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு வாரிக்கொண்டு போனது. முழு உடலாகக் கிடைக்காதவர்கள் பலர். புத்துமலையில் ஒதுக்கிய நிலத்தில் வரிசையாகக் குழிகள் வெட்டி, எல்லா மதத்தாரும் பிரார்த்தனை செய்து அடக்கம் செய்தார்கள். ஒவ்வொரு குழியின் தலைமாட்டிலும் பெயருக்குப் பதில் ஓர் எண். அந்த எண்ணுக்குரிய டி.என்.ஏ. ஒருபுறம், உயிர் தப்பிய உறவினர்கள் கொடுத்த ரத்தம் மறுபுறம். இரண்டும் பொருந்தப் பொருந்த, எண் இருந்த கல்லறைகளில் பெயர் ஏறியது. ஒரே ஆளின் பாகங்கள் இரண்டு மூன்று எண்களின் கீழ் புதைந்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து எரிந்து 260 பேர் இறந்தபோதும், மிகப் பெரும்பாலோரை அடையாளம் காட்டியது டி.என்.ஏ.தான். நெருப்பில் கைரேகை மிஞ்சாது. பல்லுக்கும் எலும்புக்கும் உள்ளே டி.என்.ஏ. ஓரளவு மிஞ்சும். அதுவும் எப்போதும் போதுமானதாக இருப்பதில்லை. நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 2001இல் இறந்த 2,753 பேரில் சுமார் 40 விழுக்காட்டினரின் உடல் எச்சம் இன்னும் அடையாளம் காணப்படவில்லை. அந்த நகரத்து ஆய்வகம் வேலையை நிறுத்தவில்லை. 2025இலும் புதிதாகச் சிலருக்குப் பெயர் கிடைத்தது.

அர்ஜென்டினாவின் பாட்டிகள் இந்த அறிவியலை ஒரு படி முன்னே தள்ளினார்கள். 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் கைதாகிக் காணாமல் போன பெண்களின் குழந்தைகள் வேறு குடும்பங்களுக்குக் கைமாற்றப்பட்டார்கள். பெற்றோர் உயிரோடு இல்லை. தாத்தா பாட்டியின் ரத்தத்தை மட்டும் வைத்துப் பேரப்பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியுமா என்று அந்தப் பாட்டிகள் உலகம் முழுக்கக் கேட்டுத் திரிந்தார்கள். முடியும் என்று வழி சொன்னவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங். 1987இல் அந்நாடு இதற்கென்றே மரபணு வங்கியைச் சட்டம் போட்டுத் தொடங்கியது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் தங்கள் சொந்தப் பெயரை மீட்டிருக்கிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்டால் யாழ்ப்பாணத்துச் செம்மணி நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கே சித்துப்பாத்தி மயானத்து மனிதப் புதைகுழியில் 2025இல் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றில் குழந்தைகளுடையவையும் உண்டு. ஒரு நீல நிறப் பள்ளிப்பையும் கிடைத்தது. உள்நாட்டுப் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் கையில் புகைப்படத்தோடு ஆண்டுக்கணக்கில் தெருவில் நிற்கிறார்கள். அவர்கள் வயதாகி மறைந்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க நெருங்கிய ரத்தமும் இருக்காது. அவர்களுடைய மாதிரிகளை நம்பகமான ஓர் அமைப்பு இப்போதே வாங்கிப் பாதுகாப்பது அவசரமான வேலை.

டி.என்.ஏ. சரி, கை சரியா?

இனி மறுபக்கம்.

1993 முதல் 2009 வரை ஐரோப்பாவின் மூன்று நாடுகளைச் சுற்றிய ஒரு 'பெண் கொலைகாரி' உண்டு. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் 40 குற்ற இடங்களில் அவளுடைய டி.என்.ஏ. கிடைத்தது. ஒரு மூதாட்டியின் கொலையில், திருட்டுப் போன வண்டியில், போதை ஊசியில், 2007இல் ஹைல்பிரான் நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட பெண் காவலரின் காரில் என்று எங்கும் அவளே. மூன்று லட்சம் யூரோ சன்மானம் அறிவித்தார்கள். முகம் மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில், இறந்துபோன ஓர் ஆணை அடையாளம் காண எடுத்த மாதிரியிலும் அவளுடைய டி.என்.ஏ. வந்தபோதுதான் காவல் துறைக்குப் பொறி தட்டியது. மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டிய ஒரு பெண் தொழிலாளியின் டி.என்.ஏ. அது. குச்சிகளில் கிருமி நீக்கியிருந்தார்கள், டி.என்.ஏ.வை நீக்கவில்லை. கிருமி செத்தாலும் டி.என்.ஏ. அப்படியே இருக்கும். பல ஆண்டுகள் ஒரு பஞ்சுக் குச்சியைத் துரத்தியிருக்கிறார்கள்.

2012இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே அருகே ஒரு செல்வந்தர் தன் வீட்டிலேயே கொலையானார். அவருடைய நகக்கண்ணில் கிடைத்த டி.என்.ஏ. வீடற்ற ஒருவருடையது. அவரைக் கைது செய்தார்கள். ஐந்து மாதம் சிறை. குற்றம் நிரூபணமானால் மரண தண்டனைகூடக் கிடைத்திருக்கலாம். கொலை நடந்த இரவு அவர் குடிபோதையில் மயங்கி மருத்துவமனையில் கிடந்தார் என்பதை அவருடைய வழக்கறிஞர் பழைய பதிவேட்டில் தேடிக் கண்டுபிடித்தார். அவரை ஆம்புலன்சில் ஏற்றிய அதே பணியாளர்கள்தான் சில மணி நேரத்தில் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருந்தார்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் சிறு கருவி வழியாக ஒருவருடைய செல்கள் இன்னொருவருடைய விரலுக்குப் போயிருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இவை தூரதேசத்துக் கதைகள் என்று விட்டுவிட முடியாது. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் இளம் ஜோடி ஒன்று கொல்லப்பட்டது. கைதானவருக்கு விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்கின் முக்கியத் தூண் டி.என்.ஏ. அறிக்கை. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மாதிரிகள் ஆய்வகம் போய்ச் சேர்ந்ததில் விளக்கம் சொல்லப்படாத தாமதம். இடைப்பட்ட நாள்களில் அவை எங்கே, யார் பொறுப்பில் இருந்தன என்பதற்குத் தெளிவான பதிவில்லை. கலப்படம் நேர்ந்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்ல முடியாத ஒரு மாதிரியை நம்பி ஓர் உயிரை எடுக்க முடியாது என்றது தீர்ப்பு.

அதோடு நிற்காமல், நாடு முழுவதுக்கும் நெறிமுறைகளை அந்தத் தீர்ப்பு வகுத்தது. மாதிரி எடுக்கும்போதே வழக்கு எண், சட்டப் பிரிவு, விசாரணை அதிகாரி, மருத்துவர், சாட்சிகள் விவரத்தோடு கையெழுத்து. 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வழக்கு நடக்கும்போது நீதிமன்ற அனுமதியில்லாமல் முத்திரையை உடைக்கக் கூடாது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரு பதிவேடு.

பிட்ச்ஃபோர்க் தொடங்கித் தேனி வரை பாடம் ஒன்றே. இந்த டி.என்.ஏ. யாருடையது என்ற கேள்விக்கு ஆய்வகம் விடை சொல்லும். அது எப்படி அங்கே வந்தது என்ற கேள்விக்கு மனிதர்கள்தான் விடை சொல்ல வேண்டும்.

கடவுச்சொல்லாக ஆக முடியுமா?

கைரேகையும் கண்ணின் கருவிழியும் போன் திறக்கவும் ரேஷன் வாங்கவும் பயன்படும்போது, டி.என்.ஏ. மட்டும் ஏன் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. முதல் தடை நேரம். எல்லாவற்றையும் தானே செய்யும் அதிவேக இயந்திரங்களுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரம் வேண்டும். 2018இல் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரைக் காட்டுத்தீ விழுங்கி 85 பேர் இறந்தபோது அவர்களை அடையாளம் காண அந்த வேகம் பெரிய உதவி. ஏ.டி.எம். வாசலில் நிற்பவருக்கு உதவாது. ஒரே கரு இரட்டையரை டி.என்.ஏ. பிரித்துக் காட்டாது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவரின் ரத்தம் கொடையாளியின் டி.என்.ஏ.வைக் காட்டும்.

இவற்றைவிடப் பெரிய தடை, அது ரகசியமே இல்லை என்பது. டீக்கடைக் கண்ணாடி டம்ளரில், சலூன் தரையில் விழுந்த முடியில், பேருந்துக் கம்பியில் நாம் அதை நாள் முழுதும் விட்டுவிட்டுத்தான் போகிறோம். கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். ஏ.டி.எம். அட்டையை முடக்கலாம். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். டி.என்.ஏ. ஒருமுறை வெளியே போனால் போனதுதான். இன்னொன்று வாங்க வழியில்லை.

அப்படி வெளியே போகாது என்று யாரும் உறுதி தர முடியாது. எச்சிலைக் குப்பியில் அனுப்பினால் பூர்வீகம் சொல்லும் '23அண்ட்மீ' என்ற அமெரிக்க நிறுவனத்தில் 2023இல் ஊடுருவல் நடந்தது. வேறு தளங்களிலிருந்து திருடிய கடவுச்சொற்களை வைத்து முதலில் சில ஆயிரம் கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். உறவினரைக் காட்டும் வசதி வழியாக அங்கிருந்து சுமார் 69 லட்சம் பேருடைய விவரங்களை அள்ளினார்கள். 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவாலானது. ஒன்றரைக் கோடிப் பேருடைய மரபணுத் தகவல் இனி யார் கைக்குப் போகும் என்று நீதிமன்றத்தில் வாதாட வேண்டியதாயிற்று.

சில ஆயிரம் கணக்கு எப்படி 69 லட்சமாகப் பெருகியது? அங்கேதான் டி.என்.ஏ.வின் தனித்தன்மை இருக்கிறது. கைரேகை ஒருவருக்கு மட்டும் சொந்தம். டி.என்.ஏ. அண்ணன் தம்பிக்கும், அத்தை மகளுக்கும், முகம் தெரியாத பங்காளிக்கும் சேர்த்துச் சொந்தம். 1970களிலும் 80களிலும் கலிஃபோர்னியாவை நடுங்க வைத்த கொலைகாரன் நாற்பது ஆண்டுகள் அகப்படவில்லை. 2018இல் போலீஸ் அவனுடைய டி.என்.ஏ.வை 'ஜெட்மேட்ச்' என்ற பூர்வீகம் தேடும் தளத்தில் ஏற்றியது. பொருந்தியவர்கள் அவனுடைய தூரத்துச் சொந்தக்காரர்கள். அவர்களுடைய வம்சாவளியை வரைந்துகொண்டே வந்து முன்னாள் காவலர் ஜோசஃப் டிஏஞ்சலோவின் வாசலில் நின்றார்கள். 13 கொலைகளை அவன் ஒப்புக்கொண்டான்.

அவன் தன் எச்சிலை எந்த நிறுவனத்துக்கும் அனுப்பவில்லை. அவன் பிடிபட்டதில் மகிழ்ச்சிதான். ஆனால் அதே வழியில் குற்றமே செய்யாத ஒருவரையும் கண்டுபிடிக்கலாம். ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு, எள்ளுத்தாத்தா வழிச் சொந்தமோ அதைவிட நெருங்கிய சொந்தமோ இத்தகைய தரவுத்தளத்தில் கிடைக்கும் என்று அதே ஆண்டு ஓர் ஆய்வு கணக்கிட்டது. மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே பெண் கொடுத்து எடுக்கும் நம் குடும்பங்களில் உறவினர்கள் பகிர்ந்துகொள்ளும் டி.என்.ஏ. இன்னும் கூடுதல். ஒருவர் அனுப்பும் எச்சில், கேட்காமலே ஒரு கிளையையே அனுப்பிவிடுகிறது.

அரசு கேட்டால்?

2015இல் குவைத் பள்ளிவாசல் ஒன்றில் குண்டு வெடித்து 27 பேர் இறந்தார்கள். சில நாள்களிலேயே, குடிமக்கள், அங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டவர், வந்துபோகும் விருந்தினர் எல்லோரும் டி.என்.ஏ. கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மறுத்தால் சிறை. அங்கே உழைக்கும் ஆயிரக்கணக்கான தமிழர்களையும் தொட்டிருக்க வேண்டிய சட்டம் அது. 2017இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமே அதைச் செல்லாது என்றது.

பிரிட்டன் 1995இல் உலகின் முதல் தேசிய டி.என்.ஏ. தரவுத்தளத்தைத் தொடங்கியது. கைதானவர் விடுதலையானாலும் மாதிரி அழிக்கப்படவில்லை. 11 வயதில் கைதாகி விடுதலையான ஒரு சிறுவனும் இன்னொருவரும் தொடுத்த வழக்கில், 2008இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 17 நீதிபதிகளும் ஒருமனதாக அது தவறு என்றார்கள். பிறகு புதுச் சட்டம் வந்து, 17 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் நீக்கப்பட்டன. குற்றம் நிரூபணமாகாதவர்களின் பதிவுகளை நீக்கியும் அந்தத் தரவுத்தளம் இன்றும் குற்றவாளிகளைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இந்தியாவில் டி.என்.ஏ. ஒழுங்குமுறை மசோதா 2019இல் மக்களவைக்கு வந்தது. நிலைக்குழு அதை ஆராய்ந்து 2021இல் பல திருத்தங்களைச் சொன்னது. 2023 ஜூலையில் அரசு மசோதாவையே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் 2022இல் நிறைவேறிய குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கைரேகை, கருவிழியோடு 'உயிரியல் மாதிரிகளும் அவற்றின் பகுப்பாய்வும்' என்று அது சொல்கிறது. பகுப்பாய்வு எதுவரை போகலாம் என்று சொல்லவில்லை. பதிவுகள் 75 ஆண்டுகள் இருக்கும். விடுதலையானால் அழிக்கப்பட வேண்டும் என்ற விதி உண்டு. நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிடவும் அதில் இடம் உண்டு. ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றத்தில் கைதானவர், அது பெண்ணுக்கோ குழந்தைக்கோ எதிரான குற்றம் இல்லையென்றால், உயிரியல் மாதிரி கொடுக்க மறுக்கலாம். இப்படி ஓர் உரிமை இருப்பது காவல் நிலைய வாசலில் நிற்கும் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன நாடு இது. டி.என்.ஏ.வுக்கென்று தனிச் சட்டம் வர வேண்டும். எதற்காக மாதிரி எடுக்கப்பட்டதோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். எண்களை எடுத்ததும் மாதிரியை அழிக்க வேண்டும். காணாமல் போனவரைத் தேடிக் குடும்பத்தார் கொடுத்த ரத்தம் குற்றப் பட்டியலோடு ஒருநாளும் கலக்கக் கூடாது. ஆய்வகங்களை அரசுக்குக் கட்டுப்படாத ஓர் அமைப்பு தணிக்கை செய்ய வேண்டும். இவை நான்கும் அந்தச் சட்டத்தில் இடம்பெறுமா என்று தொகுதி எம்.பி.யிடம் கேட்கும் உரிமை வாக்காளர் ஒவ்வொருவருக்கும் உண்டு.

அதுவரை வாசகர்கள் தாமாகவே செய்துகொள்ளக்கூடியது ஒன்று இருக்கிறது. பூர்வீகம் பார்க்கவோ உடல்நலம் அறியவோ எச்சில் குப்பியை அனுப்பும் முன், அந்த மாதிரி எத்தனை நாள் இருக்கும், வேறு யாருக்குக் கொடுப்பார்கள், கேட்டால் அழிப்பார்களா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் ஒரு வார்த்தை கலந்துகொள்ளுங்கள். அந்தக் குப்பியில் போவது அவர்களுடையதும்தான்.